பாடு இல்லாத வீடு

"எங்க ஊட்டுக்குப் பாடு இல்ல டீச்சர்" என்றார் தேசம்மா.

ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துவிட்டு அப்போதுதான் கரையேறியிருந்தார். புடவை இடுப்புவரை நனைந்து காலோடு ஒட்டிக்கிடந்தது. இடுப்பில் கட்டியிருந்த ஓலைப் பறிக்குள் இறால்கள் துள்ளுவது கேட்டது. விரல் நுனிகளில் சிப்பி கிழித்த கோடுகள், பழையதும் புதியதுமாக.

நான் கையில் அட்டையும் படிவமுமாக நின்றிருந்தேன். ஏழாவது கேள்வி: 'குடும்பத்துக்குப் பாடு உண்டா?' எதிரே இரண்டு கட்டங்கள். உண்டு, இல்லை. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"பாடே இல்லைன்னா நீங்க கொடுத்து வெச்சவங்கம்மா" என்றேன். சிரித்துக்கொண்டு சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது.

தேசம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு புடவையைப் பிழிந்துகொண்டே, "ஒரு ஐஸ் பொட்டி கெடச்சா நானே பொன்னேரி வரைக்கும் எட்த்துனு போயி வித்துக்குவேன். யாவாரி கைய எதிர்பாக்கத் தேவல" என்றார்.

அது என் காதில் விழுந்தது. ஆனால் படிவத்தில் அதற்கு இடமில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

அந்த ஒரு டிக்கினால், நிற்கப்போகிற அரிசிக்குப் பதிலாக அவர் வீட்டுக்கு எதுவுமே கிடைக்காமல் செய்திருந்தேன். அது எனக்கு அப்போது தெரியாது.

ஒரு வாசகியின் கடிதம்

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகி போன வாரம் எழுதியிருந்தார். "நீங்கள் போன ஊரெல்லாம் நல்லது செய்துவிட்டு வந்தது போலவே எழுதுகிறீர்கள். ஒரு இடத்திலுமா சறுக்கவில்லை?"

படித்ததும் கோபம் வந்தது. பிறகு காபி போட்டுக் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் தேசம்மாவின் முகம் வந்துவிட்டது. அம்மா, சறுக்கியிருக்கிறேன். இத்தனை வாரம் அந்த ஊரைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் சுற்றிச் சுற்றி வந்ததே அதனால்தான்.

பழவேற்காட்டு ஏரியில், பசியாவரத்துக்குப் போகும் படகுத்துறையிலிருந்தே இன்னொரு படகு பிடித்துப் போகவேண்டிய சின்னக் குப்பம் அது. பெயர் வேண்டாம். தவறு ஊருடையது அல்ல.

ஒரு புயல் அடித்து ஓய்ந்திருந்த சமயம். நான் வேலை பார்த்த அறக்கட்டளை அங்கே மாதாமாதம் அரிசி கொடுத்துக்கொண்டிருந்தது. புயல் போய்ப் பல மாதங்கள் ஆகியும் அரிசி நிற்கவில்லை. வரிசையும் நிற்கவில்லை.

அந்த வரிசையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தட்டோடு நின்ற நாட்கள்

அதற்கு ஒரு காரணம் உண்டு. இதுவரை எங்கும் சொன்னதில்லை.

அப்பா போன பிறகு, கல்லூரியில் படித்த காலத்தில், தஞ்சாவூரில் ஒரு தர்மச் சாப்பாட்டுக் கூடத்தில்தான் எனக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கவேண்டும். குழம்பு ஊற்றுகிறவர் ஒவ்வொரு நாளும் "எந்த ஊரு? அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்பார். ஒவ்வொரு நாளும் சொல்லவேண்டும். சொன்ன பிறகுதான் கரண்டி சாயும்.

சாம்பார் நன்றாகத்தான் இருக்கும். பெருங்காய வாசனை இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது. ஆனால் அதே வாசனையை வேறு எங்கு நுகர்ந்தாலும் காது மடல் சூடாகிவிடும்.

எனவே குப்பத்துப் பெண்கள் பையும் கையுமாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், இவர்களை இந்த வரிசையிலிருந்து எப்படியாவது வெளியே இழுத்துப்போட்டுவிட வேண்டும் என்று துடிப்பேன். அவர்களைக் கேட்டுக்கொண்டு துடித்தேனா என்றால், இல்லை.

சென்னை அலுவலகக் கூட்டத்தில் நான்தான் முதலில் பேசினேன். "அரிசி போதும். வலையும் படகும் கொடுப்போம். அவர்கள் பாட்டை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தில் என்ன சொல் இருக்கிறது என்று கவனியுங்கள்.

தமிழ் எம்.ஏ.வின் ஏழாவது கேள்வி

யாருக்கு வலை, யாருக்குப் படகு என்று முடிவு செய்யக் கணக்கெடுப்பு வேண்டும். படிவம் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு படிவம் இருந்தது. 'பொருளாதாரப் பாதிப்பின் தன்மை' என்று ஒரு கேள்வி. இந்த மொழியைக் கொண்டுபோய் ஒரு மீனவப் பெண்ணிடம் எப்படிப் படிப்பது? அதை அடித்துவிட்டு, மக்கள் பேசும் தமிழில் கேட்கிறேன் பார் என்று, 'பாடு உண்டா?' என்று எழுதினேன்.

எங்கள் பக்கத்தில் பாடு என்றால் கஷ்டம். என் அம்மா எங்களை வளர்க்கப் பட்டது பெரும்பாடு. இதைவிட எளிய, ஈரமான சொல் ஏது? எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறை.

பாடு உண்டு என்பவர்களுக்கு முதலில் உதவி. இல்லை என்பவர்களுக்கு உதவி தேவையில்லை. அரிசி எல்லோருக்கும் நிறுத்தம். இவ்வளவுதான் திட்டம்.

மூன்று நாள் வீடு வீடாகப் போனேன். கையில் நோட்டு இருந்ததால் எல்லோரும் டீச்சர் என்றார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பாடு உண்டா என்று கேட்டதும் முக்கால்வாசி வீடுகளில் முகம் மலர்ந்தது.

"இல்லாம இன்னா டீச்சர்? எங்க தாத்தா காலத்துலர்ந்து கீது" என்றார் ஒருவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

இன்னொரு வீட்டில் ஒரு தாய், தன் மருமகளைக் காட்டிச் சொன்னார்: "பாடு இருக்கற ஊடுன்னு தெரிஞ்சுதான் இத்தோட நைனா பொண்ணு குட்த்தாரு."

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கஷ்டம் இருக்கிற வீடு என்று தெரிந்தே பெண் கொடுக்கிறார்களே! என்ன மனிதர்கள்! அன்றைக்கே உட்கார்ந்து அறிக்கையில் ஒரு பத்தி எழுதினேன். 'துயரத்தையும் புன்னகையோடு சொத்தாகச் சுமக்கும் சமூகம்' என்று. சென்னையில் இயக்குநர் அதை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாராம்.

பத்துப் பன்னிரண்டு வீடுகளில் மட்டும் முகம் சுருங்கியது. "இல்ல" என்று மெல்லச் சொன்னார்கள். அநேகமாக எல்லாம் பெண்கள் மட்டுமே இருந்த வீடுகள். தேசம்மாவின் கூரைமேல் நாங்கள் புயலுக்குக் கொடுத்த நீலத் தார்ப்பாய் அப்படியே கிடந்தது. அதற்குக் கீழே நின்றுகொண்டுதான் அவரைக் கொடுத்து வைத்தவர் என்றேன். கண் முன்னால் இருந்த கூரையைவிடக் கையில் இருந்த தாளை நம்பினேன்.

கிடைத்த பாராட்டு

வலை கொடுக்கும் விழா. சாமியானா, மைக், தட்டில் கற்கண்டு. வெயிலில் புது நைலான் வலையின் வாசனை, பிளாஸ்டிக் கடைக்குள் நுழைந்தது போல.

எல்லாம் முடிந்து, கலர் சோடாவை என் கையில் கொடுத்துவிட்டு ஊர்த் தலைவர் ஏழுமலை பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனிதர். மனம் விட்டுத்தான் பேசினார்.

"டவுன்லர்ந்து வர்றவங்க எவனுக்கும் எங்க ஏரி விஷயம் பிரியாது டீச்சர். எல்லார்க்கும் வலையக் குட்த்துட்டு, அப்பால ஊருக்குள்ள சண்டை வர்ற மாரி செஞ்சிட்டுப் போய்டுவானுங்க. நீங்க இன்னாடான்னா, பாடு கீற ஊடா பாத்துக் கரெக்டா குட்த்துட்டீங்க. எப்பிடிக் கண்டுபுட்ச்சீங்க?"

சோடாவை வாயிலிருந்து எடுத்தேன்.

"பாடுன்னா?" என்றேன்.

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். பிறகு, கேட்கிறாளே என்று சொன்னார்.

"ஏரி பூரா தண்ணி கீது. எறா எல்லா எடத்துலயுமா ஓடும்? முகத்துவாரத்தாண்ட நாலஞ்சு எடத்துலதான் ஓடும். ஆளாளுக்குப் போயி அங்க வலையக் கட்டினா வெட்டுக்குத்துதான். அதனால முறை வெச்சினுகீறோம். சீட்டுப் போட்டு எட்த்து, இன்னிக்கு உன் முறை, நாளைக்கு என் முறை. அந்த முறைதான் டீச்சர் பாடு. பாடு கீறவன்தான் அங்க வலை கட்டலாம்."

"பாடு இல்லாதவங்க?"

"இன்னா பண்ணுவாங்க? ஓரத்துல எறங்கிக் கையால தடவினு கெடப்பாங்க. ஊட்டு ஆம்பள பேர்லதான் பாடு. அவன் பூட்டா, புள்ள தலையெடுத்தாதான் திரும்ப வரும்."

"தேசம்மா?"

"அத்தோட புருசன் புயலுக்கு மின்னயே பூட்டான். ஒரே பொண்ணு. எங்கர்ந்து பாடு வரும்?"

அவர் சொல்லச் சொல்ல, அந்தப் பத்துப் பன்னிரண்டு வீடுகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பாடு இல்லை என்று அவர்கள் சொன்னது, எங்களுக்குக் கஷ்டம் இல்லை என்பதல்ல. ஏரியில் எங்களுக்கென்று ஓர் இடம் இல்லை என்பது. ஏரியை நம்பிப் பிழைக்கும் ஊரில் அதைவிடப் பெரிய இல்லாமை கிடையாது. அதைக் கேட்டுவிட்டு நான் அவர்களை அதிர்ஷ்டசாலிகள் என்று வாழ்த்தியிருக்கிறேன்.



அப்போதே எழுந்து, "தலைவரே, எனக்கு இது தெரியாது, தப்பு நடந்துவிட்டது" என்று சொல்லியிருக்கவேண்டும். மைக் அணைக்கப்படாமல்தான் இருந்தது. நான் சோடாவைக் குடித்து முடித்தேன். "ஏதோ, விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டோம்" என்றேன்.

அந்தப் பொய்யைச் சொல்லும்போது என் தலை அடக்கமாக ஆடியதுகூட எனக்குத் தெரிந்தது.

எனக்கு நானே சொல்லிக்கொண்டது

திரும்பும் பஸ்ஸில், திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் ஒரு சமாதானம் கண்டுபிடித்துவிட்டேன். பாடு இல்லாதவர்களுக்கு வலை கொடுத்து என்ன பயன்? கட்ட இடமில்லையே! ஆக, பட்டியல் தவறாகப் போட்டிருந்தாலும் சரியாகத்தானே வந்திருக்கிறது?

எவ்வளவு வசதியான சமாதானம்! வலை போகட்டும், அரிசி? அதை நிறுத்தியது யார்? ஐஸ் பெட்டி? தனக்கு என்ன வேண்டும் என்பதை அந்த ஊரிலேயே ஒரு வரியில் தெளிவாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். சொந்தக் காலில் நிற்கவேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்கினேன். நிற்கிறேன், ஒரு பெட்டி கொடு என்று கேட்டவரைத் தாண்டிக்கொண்டு போனேன்.

அலுவலகத்தில் சொல்லப் பல நாள் வாயெடுத்தேன். அந்தப் 'புன்னகையோடு சுமக்கும் சமூகம்' என்ற பத்தியை அதற்குள் பெரிய எழுத்தில் அச்சடித்து வரவேற்பறையில் மாட்டிவிட்டார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் என் மேஜைக்குப் போகவேண்டும்.

குப்பத்துக்கு வேறு ஆளை அனுப்ப ஆரம்பித்தேன். முதுகுவலி என்று ஒரு காரணம்.

அட்டைப்படம்

அதற்கடுத்த வருடம் என்று நினைக்கிறேன். அறக்கட்டளைக்கு ஆண்டு மலர் போட முடிவானது. படம் எடுக்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். அவரோடு நான்தான் போகவேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

வலை வாங்கியவர்களை வரிசையாக நிற்கவைத்து எடுத்தார். அவருக்குத் திருப்தியில்லை. "எல்லாரும் பாஸ்போர்ட்டுக்கு நிக்கிற மாதிரி நிக்கறாங்க" என்று அலுத்துக்கொண்டார்.

திரும்பிவந்து பழவேற்காட்டுப் படகுத்துறையில் இறங்கினோம். எதிரே, தலையில் ஒரு தெர்மாகோல் பெட்டியோடு ஒரு பெண் ஷேர் ஆட்டோவை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தார். பெட்டியின் மூலையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டித் தோளெல்லாம் ஈரம். நிமிர்ந்த நடை.

தேசம்மா.

அந்தப் பெட்டியை நாங்கள் கொடுக்கவில்லை. அரிசி நின்ற பிறகு என்ன பட்டாரோ, யாரிடம் கேட்டாரோ, எனக்குத் தெரியாது. மருந்து வந்த பழைய பெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டியது. அதில் இறாலையும் நண்டையும் போட்டுக்கொண்டு திருப்பாலைவனம், பொன்னேரி, அனுப்பம்பட்டு என்று வயற்காட்டு ஊர்களில் தெருத்தெருவாக விற்கத் தொடங்கியிருந்தார். அறுப்புக் காலத்தில் காசில்லாத வீடுகளில் நெல்லாகவே வாங்கிக்கொள்வாராம். பாடு இல்லாத மற்றப் பெண்களும் அவரிடமே சரக்கைக் கொடுத்துவிடுகிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வியாபாரியின் கையை எதிர்பார்க்கவில்லை. எங்கள் கையையும்தான்.

"இவங்கதான்! இவங்கதான் கவர்!" என்று போட்டோகிராபர் ஓடினார்.

'இவங்க நம்ம பட்டியல்ல இல்லை' என்று சொல்ல நாலு சொல் போதும். தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு அந்த நாலு சொல் வரவில்லை.

தேசம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லாகீறீங்களா டீச்சர்? காணோமே இந்தப் பக்கம்?" என்றார். படத்துக்கும் நின்றார். ஆட்டோ ஹாரன் அடிக்க, ஓடினார்.

படம் பிரமாதமாக வந்திருந்தது. அடியில் போட இரண்டு வரி வேண்டும் என்றார்கள். அலுவலகத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுதினேன்.

படகுத்துறையில்

மலர் வந்ததும் ஊர்த் தலைவருக்குச் சில பிரதிகள் கொடுக்கவேண்டும். தபாலில் அனுப்பியிருக்கலாம். அன்றைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

மதியம் தாண்டிய நேரம். காற்றே இல்லை. கருவாடு காயும் வாடை. குப்பத்துப் படகு கிளம்புவதற்காகக் காத்திருந்த பெண்களின் நடுவே, காலிப் பெட்டியின் மேல் தேசம்மா உட்கார்ந்திருந்தார். நான் கொண்டுவந்த கட்டின் மேலிருந்த மலரின் அட்டை அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"ஐயே, இது நானா?"

எழுந்து வந்தார். கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஒரு பிரதியை விளிம்பில் பிடித்து வாங்கினார். மற்றப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "பாத்தியாடி, சினிமாக்காரி மாரி கீறா!" என்று ஒருத்தி சிரித்தாள். தேசம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கீழ இன்னா எழுதிகீது டீச்சர்?"

எழுதியிருந்தது இதுதான்:

'மீன் விற்கக் கற்றுத் தந்தோம். கைகொடுத்துத் தூக்கிவிட்டோம்.
இன்று தன் காலில் நிற்கிறார் தேசம்மா.'

நான் விரலை வைத்துப் படித்தேன். "தன் காலில் நிற்கிறார் தேசம்மா."

"அவ்ளோதானா?" அவர் விரல் மேல் வரியில் போய் நின்றது. "ரெண்டு வரி கீதே? இதுல இன்னா?"

"அது... ஊர் பேரு."

"ஓ" என்றார். நம்பினார். அதுதான் தாங்கமுடியவில்லை. நான் என்ன சொன்னாலும் நம்பக்கூடியவராகத்தான் அவர் எப்போதும் இருந்திருக்கிறார்.

"ஒண்ணு நான் எட்த்துக்கட்டா?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவர் படம். தலையை ஆட்டினேன்.

ஒரு பிளாஸ்டிக் கவரைத் தேடி எடுத்து, உதறி, மலரை ஈரம் படாமல் அதற்குள் வைத்தார். பெட்டிக்குள் வைக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படகில் ஏறினார்.

"எம் பொண்ணு எட்டாவது படிக்குது டீச்சர்" என்று படகிலிருந்து திரும்பிச் சொன்னார். "தமிழ் நல்லாப் படிக்கும். ஊட்டுக்குப் போனதும் முழுசாப் படிச்சுக் காட்டச் சொல்றேன்."

கோல் ஊன்றிப் படகைத் தள்ளினார்கள். அந்த இடத்தில் ஏரிக்கு ஆழமே கிடையாது. படகு மெதுவாகத்தான் போகும். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ரொம்ப நேரம் போய்க்கொண்டிருந்தது.

நான் கூப்பிடவில்லை.